என் நிறுத்தத்துச் சுவரில் ஒரு பழுப்பு முகம்

காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். எதிரே முனுசாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர். கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ரோஜா மாலை.

என்னைப் பார்த்ததும் பின்பக்கமாகவே நகர்ந்துபோய்த் தன் மொபெட்டில் இடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா... நீ கீறியா?”

“கீறேன் அண்ணே. எங்க போவேன்?”

“அய்யய்யோ! மாலை வாங்கியாந்துட்டேனே!”

நான் செத்துப்போனதாக நினைத்து வந்திருக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். மாலை சின்னதாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. என் தோழி பிலோமினாவின் அப்பா இறந்தபோது இதே முனுசாமி அண்ணன் படப்பைக்கு ஆளுயர மாலை கொண்டுபோனார். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனவளே நான்தான். தினமும் இவர் கடையில் டீ குடிக்கிற எனக்கு முழங்கை நீளம்.

அந்த மாலைக்கும் பிலோமினாதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது.

இந்தத் தொடரில் இதுவரை அவளைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழுதியிருக்கிறேன். “அந்தத் தோழியை ஏன் எப்போதும் பாதியிலேயே விட்டுவிடுகிறீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முழுதாக எழுதினால் அவள் மேல் நான் வைத்திருக்கும் பொறாமை வெளியே தெரிந்துவிடும். அதனால்தான். சரி, தெரியட்டும்.

கர்சீப் போட்ட சீட்டு

நானும் பிலோவும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் ஒரே சமயத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்குப் படப்பை. எனக்கு இங்கே சேரப்பணஞ்சேரி. பஸ் படப்பையிலிருந்து வரும்போதே நிரம்பித்தான் வரும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீட்டில் கர்சீப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அந்தக் கர்சீப்புக்காகப் பல பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள். நல்லவள்தான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஆனால் ஜன்னல் அவளுக்கு. எனக்கு நிற்பவர்களின் பையும் முழங்கையும் இடிக்கும் ஓரம். ஒரு நாளாவது மாறி உட்கார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொறாமை எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் அந்த ஜன்னலில்தான் போய் நிற்கிறது.

கடையில் நான் வேகம். ஒரு கல்யாண பேனரை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். பிலோ ஒரு எழுத்தை இந்தப் பக்கம் தள்ளுவாள், அந்தப் பக்கம் தள்ளுவாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். வாடிக்கையாளர் என் மேசைக்கு முன்னால் காலி நாற்காலி இருந்தாலும், “அந்தப் பொண்ணே பண்ணட்டும், நாங்க வெயிட் பண்றோம்” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலி இடம் கூடாது

ஃப்ளெக்ஸ் போடுகிறவர்களுக்குச் சில விதிகள் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, அடிபட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

முதல் விதி, ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. மேலே குழந்தை, பக்கத்தில் அப்பா அம்மா, கீழே சித்தப்பா பெரியப்பா வகையறா எல்லாம் வட்டம் வட்டமாக. தாய்மாமன் முகத்தை மட்டும் இடம் போதாமல் கொஞ்சம் சின்னதாக வைத்துவிட்டேன். மனிதர் மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார். “என்னைப் பெருசா போட்டுக் கொண்டாங்க, அப்புறம் மடியில வெச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். புது பேனர் அடித்துக்கொண்டு போவதற்குள் காது குத்த வேண்டிய குழந்தை தூங்கி எழுந்து, இன்னொரு முறையும் தூங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் பேனரில் காலி இடத்தைக் கண்டால் அங்கே ஒருவர் கோபித்துக்கொண்டு நிற்பதாகவே நினைப்பேன்.

இரண்டாவது விதி சாவுக்கானது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் என்றால் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கொட்டுவோம். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் நிறத்தை எடுத்துவிடுவோம். கறுப்பு வெள்ளை, இல்லையென்றால் பழுப்பு. வண்டியில் போகிறவர் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. சுவரில் நிறமில்லாத முகம் தெரிந்தாலே வேகத்தைக் குறைத்து, யார் என்று பார்ப்பார். இறந்தவருக்கு எழுபது வயது என்றாலும் வீட்டார் கொண்டுவந்து கொடுப்பது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படமாகத்தான் இருக்கும். இளமையான முகத்தைப் பார்த்து, இது அந்தக் கிழவர்தான் என்று கண்டுபிடிக்க எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாகவே பழகியிருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் பேனரும் இறங்கிவிடும்.

இந்த இரண்டு விதிகளையும் என்னைப்போலவே பிலோவும் படித்தவள்தான். ஆனால் அவள் கடையை விட்டுப்போய், வீட்டிலிருந்தே வெளியூர் கம்பெனிகளுக்குப் படம் வரைய ஆரம்பித்து, பேர் வாங்கி, எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். நான் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். அதனால் எனக்கு மறக்கவில்லை.

குலுக்கல்

சில வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் சில ஒன்றுசேர்ந்து ஒரு இணைப்பு பஸ் விட்டார்கள். சேரப்பணஞ்சேரியில் கிளம்பி ஒரகடம், பிள்ளைப்பாக்கம் வழியாகச் சுங்குவார்சத்திரம் வரை போகும். பஸ் பளபளவென்று இருந்தது. உள்ளே ஆள்தான் இல்லை. எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் திரையை இழுத்து விட்டுத் தூங்கிக்கொண்டே ஷிப்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டே திரும்புகிறவர்கள். எந்த ஊரைக் கடந்தோம் என்பதுகூடத் தெரியாது.

அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்ட தினகரன் என்பவர் எங்களைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கம். படபடவென்று பேசுவார். பழைய காலத்து ரயில் விளம்பரங்களை மேசையில் பரப்பிக் காட்டினார். மங்கிய நிறங்கள், ஒரு மலை, ஒரு ரயில், பருத்த எழுத்தில் ஊர்ப் பெயர்.

“இந்த மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒண்ணு வேணும் மேடம். பாத்தவுடனே, ஏ, இது நல்லாருக்கே, இறங்கிப் பாப்பமேன்னு தோணணும். ஊருக்கு ஒரு முகம் வேணும்.”

யாருக்கு எந்த ஊர் என்று பேச்சு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், “சண்டை வேண்டாம், குலுக்கிருவோம்” என்று சீட்டு எழுதி டீ டம்ளரில் போட்டுவிட்டார். எனக்குச் சுங்குவார்சத்திரமும் பிள்ளைப்பாக்கமும் வந்தன. பிலோவுக்கு ஒரகடமும் சேரப்பணஞ்சேரியும்.

என் ஊர். நான் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்து, நாள் தவறாமல் பஸ்ஸுக்கு நின்ற நிறுத்தம். அதன் சுவரில் அவள் படம்.

படியில் இறங்கும்போது கேட்டேன். “பிலோ, மாத்திக்கலாமா? நீ சுங்குவார்சத்திரம் எடுத்துக்கோ.”

“வேணாம்டி கஸ்தூரி. தெரிஞ்ச ஊர வரைஞ்சா எல்லாத்தையும் உள்ள வைக்கத் தோணும். உனக்கு அந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் வரிசையாக வந்தன.

பஸ் எங்கே?

அவள் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்று, எனக்கு ஒதுக்காத சேரப்பணஞ்சேரியையும் நானே வரைந்தேன். ஏரி, கோயில் கோபுரம், மாதா கோயில் மணிக்கூண்டு, பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க், பனைமரம், கம்பெனி புகைபோக்கி, ஆடுகள், முனுசாமி அண்ணன் கடை. முனுசாமி அண்ணன் கடையை வைத்துவிட்டு எதிர்க்கடையை விட்டால் அவர் என்ன நினைப்பார்? அதையும் வைத்தேன். எல்லாம் மங்கிய நிறத்தில், பழைய மாதிரியே. என் மற்ற இரண்டு படங்களோடு சேர்த்து இதையும் தினகரனிடம் கொடுத்தேன்.

அவர் நீண்ட நேரம் பார்த்தார். “எல்லாம் இருக்கு மேடம். பஸ் எங்க?”

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அதே மேசையில் பிலோ தன் படத்தை விரித்தாள். வெளிறிய மஞ்சள் வானம். தூரத்தில் ஏரிக்கரையோரம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பஸ் வந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம், பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் முகம். பக்கவாட்டில். வெயிலுக்கு டிபன் பையை நெற்றியின் மேல் பிடித்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்க்கிறாள். கீழே ‘சேரப்பணஞ்சேரி’ என்று பருத்த எழுத்து. அவ்வளவுதான். மீதி எல்லாம் காலி.

அந்தக் காலி இடத்தில் யாரும் கோபித்துக்கொண்டு நிற்கவில்லை. வெயில்தான் நின்றது. எங்கள் ஊர் வெயில். வயிறு எரிந்தது எனக்கு. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. போகும் வழியில் மோர் வாங்கிக் குடித்தேன்.

“யாருடி இந்தப் பொண்ணு? எங்க ஊர்ல இவ்ளோ அழகா ஒருத்தியும் கெடையாதே” என்றேன். பிலோ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகு நான் சொன்னது தொழில் தெரிந்தவள் சொன்னது. “சார், இத இப்டியே ஒட்டாதீங்க. முகம் முழுக்கப் பழுப்பு. நெத்தியில பொட்டு இல்ல. எங்க பக்கத்துல சுவத்துல இந்தக் கலர்ல மூஞ்சி வந்தா செத்துட்டாங்கன்னு அர்த்தம். கொஞ்சம் கலர் ஏத்தச் சொல்லுங்க.”

தினகரன் பிலோவைப் பார்த்தார். பிலோ மேசையைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒரே புன்னகை. கஸ்தூரிக்குப் பொறாமை என்ற புன்னகை.

“அப்படியெல்லாம் யாரும் நினைக்க மாட்டாங்க மேடம்” என்றார் அவர்.

பொறாமைப்பட்டது நிஜம். சொன்னதும் நிஜம். ஆனால் பொறாமைக்காரி சொல் அம்பலம் ஏறாது. என் படத்தை அலமாரியில் வைத்துவிட்டு அவள் படத்தை அச்சுக்கு அனுப்பினார்கள்.

என் துக்கத்துக்கு வந்தவர்கள்

படம் நிறுத்தத்தில் ஏறிய வாரம்தான் எனக்குக் காய்ச்சல். படுக்கையை விட்டு எழவில்லை, போனை அணைத்துப் போட்டிருந்தேன், கடைக்குப் போகவில்லை. நாள்தோறும் நிறுத்தத்தில் நின்ற ஒருத்தியைக் காணோம். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் சுவரில் பழுப்பாக அவள் முகம், இருபது வயது குறைந்து. அடியில் பஸ் விடும் கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக, இரங்கல் தெரிவிப்பவர்கள் மாதிரி. வேறு என்ன நினைப்பார்கள்?

ஆம், அந்தப் பெண் நான்தான். முனுசாமி அண்ணன் மாலையோடு நின்றுகொண்டு சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

“சின்ன வயசுல நீ அப்டித்தாம்மா பைய தூக்கிப் புடிச்சிகினு நிப்ப. பார்த்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்ச்சி.”

என் முகம் எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில் நான் பார்த்ததெல்லாம் நேர்முகம். பஸ் வருகிறதா என்று பார்க்கும் பக்கவாட்டு முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைப் பார்த்தவள் ஒருத்திதான், அந்த ஜன்னல் சீட்டில் இருந்தவள்.

அதற்குள் தெருமுனையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துத் தெரு ரோசி அக்கா வாயைப் பொத்திக்கொண்டே வந்தவள், நான் தலையில் துண்டோடு நிற்பதைப் பார்த்து, அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். மாலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, திருப்பியும் கொடுக்க முடியாது. முனுசாமி அண்ணன் அதை மொபெட் ஹாண்டிலில் மாட்டிவிட்டு, ஆயுத பூஜை வண்டி போல மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். காலையில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போயிருந்தார். யாரோ பஸ்ஸிலிருந்து படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போய்ச் சொல்ல, சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்து, “வூட்டுக்குக் கெளம்பு ஏழுமல” என்றிருக்கிறார். காய்ச்சலில் கிடந்தவள் என்பதால் இவரும் நம்பிவிட்டார்.

ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

“போன எதுக்கு ஆஃப் பண்ணி வெச்ச?” என்றார். “இன்னிக்கு OT வேற போச்சு.”

அன்று சாயங்காலம் அவர் மட்டும் நிறுத்தத்துக்குப் போனார். திரும்பி வரத் தாமதமானது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, முகத்தை எனக்குக் காட்டாமல் சொன்னார். “அப்டியே நீதான். உன்ன பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி, தெரியாம ஒரு தபா ஸ்டாப்புக்கு வந்து பார்த்தேன். அன்னிக்கு இப்டித்தான் நின்னுகினு இருந்த.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பிலோ வரைந்ததைப் பார்த்த பிறகுதான் சொல்லத் தோன்றியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதுவரை ஒருத்தி மேல்தான் பொறாமை. அன்று முதல் அந்தச் சுவரில் நின்றவள் மேலும் சேர்ந்துகொண்டது.

எடுத்தால் காரியம் முடிந்ததாகிவிடும்

மறுநாள் தினகரனும் பிலோவும் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாக வந்தார்கள். பிலோ அழுது அழுது கண் வீங்கியிருந்தாள்.

“சொல்லியிருக்கலாம்ல, நான்தான்னு?” என்றேன்.

“சொல்லியிருந்தா மூக்க மாத்து, தலைய வாரின மாதிரி போடுன்னு நச்சரிச்சிருப்ப. எனக்கு அந்த ஸ்டாப்ல வேற யாரடி தெரியும்? அந்த ஊருன்னா எனக்கு நீதான்.”

கோபப்படுவதற்குக்கூட இடம் வைக்காமல் பேசுவாள் அவள். அதுவும் எனக்கு வராது.

தினகரன் தொண்டையைச் செருமினார். “மேடம், நீங்க அன்னைக்கே சொன்னிய. நாங்க கேக்கல. தப்புதான். உங்க முகம், நீங்க சொன்னா இன்னைக்கே எடுத்துருதேன். அந்த இடத்துல நீங்க வரைஞ்சு குடுத்த சேரப்பணஞ்சேரியவே போட்டுருவோம். பஸ்ஸ மட்டும் ஒரு ஓரமா வச்சுக் குடுத்துருங்க.”

நான் கேட்டது அதுதானே? என் ஊர், என் நிறுத்தம், என் கையால் வரைந்த படம். சரி என்று ஒரு வார்த்தை. பிலோ தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து பிளாஸ்கில் டீயோடு முனுசாமி அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டார்.

“எடுக்கப் போறீங்களா? நல்லா கீது கதை! படத்த எடுத்தா இன்னா நெனைப்பாங்க? காரியம் முடிஞ்சிட்ச்சி, அதான் எறக்கிட்டாங்கன்னு நெனைப்பாங்க. இந்தப் பொண்ணு உசுரோட கீதுன்னு நான் ஊர் ஊராப் போயா சொல்லிகினு இருக்க முடியும்? படப்பைலேருந்து வரவன்லாம் கடைல நின்னு துக்கம் கேக்கறான்யா.”

தினகரன் வாயைப் பிளந்தார். எங்கள் ஊர் நியாயம் அவருக்குப் புதிது. ஆனால் அண்ணன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. இறங்காத அஞ்சலி பேனர் எங்கள் பக்கம் கிடையாது. அது இறங்கினால் நான் போனது உறுதியாகிவிடும். நான் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவள் படம் சுவரில் இருந்தாக வேண்டும்.

அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது மட்டுமில்லை என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல வேலையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்திருந்தால் மோர் வாங்கிக் குடித்திருக்க மாட்டேனே.

“இருக்கட்டும். ஆனா பொட்டு வெக்கணும். ரவிக்கைக்குச் சிவப்பு ஏத்தணும். நான்தான் ஏத்துவேன்” என்றேன்.

காய்ச்சல் விட்டதும் பிலோ கடைக்கு வந்தாள். என் நாற்காலியில் நான், பக்கத்தில் அவள், பழைய மாதிரியே. அஞ்சலி பேனரையும் பிறந்தநாள் பேனரையும் பிரிப்பது அந்தச் சிவப்புதான் என்று எனக்குத் தெரியும். தூரத்து பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் இவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். நல்ல குங்குமச் சிவப்பாக ஏற்றினேன்.

பிலோ தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “கொஞ்சம் கொறைச்சிக்கலாம்டி. ஒட்டல.”

“ஒட்டலன்னா பரவால்ல. உன்னையா பொணம்னு சொன்னாங்க?”

அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அடியில் மூலையில் அவள் பெயர் மட்டும் சின்னதாக இருந்தது. நான் அதைத் தொடவில்லை. தொட வேண்டும் போல இருந்தது.

இப்போது

புது அச்சைப் பழையதன் மேலேயே ஒட்டினார்கள். செத்துப் பிழைத்தவளின் படம் என்று சொல்லி அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பஸ்ஸும் நிரம்ப ஆரம்பித்தது. நான் சொன்னதே நடந்தது, நடந்ததால் அவள் பேர் இன்னும் பெரிதானது. வேறு ஊர்களிலிருந்தெல்லாம் இதேபோல் வரைந்து தரச் சொல்லி அவளைக் கேட்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் என் படமும் இருக்கிறது. எல்லாக் கடைகளும் எல்லா லாட்ஜும் அதில் உண்டு. அதன் முன்னால் நின்ற ஒருவர், “இது எந்தக் கட்சி பேனர்?” என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன்.

போன மாதம் ஒரு காலை, நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எக்கா, இது யாருக்கா? ரொம்ப லச்சணமா இருக்காவ.”

நான் வெயிலுக்குப் பையை நெற்றியின் மேல் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை அவளுக்கு.

“எங்க ஊர்க்காரிதான்” என்றேன்.

“யாரு வரைஞ்சா?”

மூலையில் இருந்த பெயரைப் படித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், “அந்தச் சிவப்பு மட்டும் வேற ஒருத்தங்க போட்டது” என்றேன்.

அவள் கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, பிலோ பார்ப்பது மாதிரியே பார்த்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் தெரிந்தது.

“எல்லாம் நல்லாருக்குக்கா. அந்தச் செவப்பு மட்டுந்தான் ஒட்டாம நிக்கி.”

“ஒட்டாதுதாம்மா” என்றேன். “ஆனா அத எடுத்துட்டா அவ செத்துப் பூடுவா.”